வாஞ்சியின் பாகம்

"எனக்கு வேற ஜோடி பாத்துக் கொடுங்கோ, அண்ணா. வாஞ்சியோட இனிமே நான் உக்கார மாட்டேன்."

காவிரிக் கரைப் பாடசாலையின் பின்கட்டில் நின்றுகொண்டு யக்ஞராமன் இப்படிச் சொன்னார். வயது ஐம்பத்துநாலு. பேரன் எடுத்தாயிற்று. சொன்ன விதம் மட்டும் பம்பரத்தைப் பறிகொடுத்த பிள்ளையின் புகார் மாதிரி இருந்தது.

பஞ்சாபகேச கனபாடிகள் தலை நிமிரவில்லை. முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எண்பத்திரண்டு. அவரிடம் வேதம் படித்தவர்கள் எல்லோருக்கும் அவர் அண்ணா, அவர் மனைவி மன்னி.

"உக்காரு. இதுல பாதியை நீ உரி."

யக்ஞராமன் உட்கார்ந்தார். உரித்தார்.

"வாஞ்சி என்ன பண்ணினான்?"

"ஸ்வரத்தைத் தப்பாச் சொன்னான்."

"எதுல?"

"அந்தப் புருஷன் பொண்டாட்டி சூக்தத்துல."

விட்டுப் போகும் மனைவியிடம் கணவன் நில் என்று கெஞ்சுவான். அவள் முடியாது என்பாள். அவன் ஒரு ரிக், அதாவது ஒரு மந்திரம், அவள் ஒரு ரிக் என்று மாறி மாறிப் பேசிக்கொள்கிற பழைய சூக்தம் அது. பேச்சு இரண்டு பேருடையதாக இருந்தாலும், ஓதுகிறவர்கள் அதைப் பிரிப்பதில்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் சேர்ந்தே சொல்வார்கள். யக்ஞராமனும் வாஞ்சிநாதனும் நாற்பது வருஷமாக அப்படித்தான் சொல்லி வந்தார்கள்.

போன வாரம் ஒரு சபையில் வந்தது வினை. கூட்டம் நடத்தியவருக்குப் புது யோசனை. "சம்வாதம்னா ரெண்டு பேர் பேசிக்கற மாதிரி காதுல விழ வேண்டாமா? ஆளுக்கு ஒரு பாகமாச் சொல்லுங்கோளேன்" என்றார்.

யக்ஞராமன் கணவன். வாஞ்சி மனைவி.

நரைத்த தாடியும் தொந்தியுமாக வாஞ்சி மனைவியாக உட்கார்ந்ததில் இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் ஆரம்பித்தார்கள். நன்றாகவே போயிற்று. மனைவியின் முறை ஐந்தாவது தடவை வந்தபோது வாஞ்சி ஓரிடத்தில் ஸ்வரத்தை ஏற்றினார். அங்கே இறங்க வேண்டும் என்று யக்ஞராமனுக்குப் பாடம்.

"கையைக் காட்டி நிறுத்தினேன்" என்றார் யக்ஞராமன். "இறக்கிச் சொல்லுன்னு சொன்னேன். மறுபடியும் ஏத்தினான். மறுபடியும் நிறுத்தினேன்."

"சபையிலயா?"

"சபையிலதான். வேதத்துல ஸ்வரம் தப்பினா விட்டுட முடியுமா?"

"முடியாது. அப்புறம்?"

"எழுந்து போயிட்டான். எட்டு நாளாச்சு. ஒரு வார்த்தை இல்லை. நாளன்னிக்குக் கோயில்ல பாராயணம் ஆரம்பம். நான் ஒண்டியா என்ன பண்ணுவேன்?"

இது வெறும் கோபம் என்றுதான் யக்ஞராமன் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் இந்த எட்டு நாளும் அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. காலையில் காவிரியில் முழுகி எழுந்தால், பக்கத்தில் இன்னொரு தலை எழுகிறதா என்று கண் தானாகப் பார்த்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

கனபாடிகள் ஒரு மொச்சையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சொத்தை. தூர எறிந்தார்.

"நீ பண்ணினது சரிதான். தப்பைத் தப்புன்னு சொல்லத்தான் வேணும்."

யக்ஞராமனின் முகம் மலர்ந்தது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அக்கரையிலிருந்து மூன்று மைல் நடந்து வந்திருந்தார்.

"ஜோடியைப் பத்தி அப்புறம் பேசலாம். நீ சொன்னதுல எனக்கு அந்த சூக்தத்தைக் கேக்கணும் போல ஆயிடுத்து. சேர்ந்து சொல்லலாமா?"

"சொல்லலாம், அண்ணா."

"அந்த சபையில சொன்ன மாதிரியே சொல்லுவோம். நான் புருஷன். நீ வாஞ்சி பாகத்தைச் சொல்லு."

சமையலறையிலிருந்து மன்னியின் குரல் வந்தது. "எண்பத்திரண்டு வயசுல இன்னொரு பொண்டாட்டி கேக்கறதாக்கும் உங்களுக்கு?"

"நீ என்னை விட்டுப் போக மாட்டேங்கறே. நான் யாரைப் பாத்துக் கெஞ்சறது?" என்றார் கனபாடிகள்.

உள்ளே பாத்திரம் ஒன்று சற்றுப் பலமாகவே வைக்கப்பட்டது.

ஆரம்பித்தார்கள். கிழவரின் குரல் உடைந்திருந்தது. ஸ்வரம் உடையவில்லை. கணவன் கெஞ்சினான். மனைவி மறுத்தாள். யக்ஞராமனுக்கு விசித்திரமாக இருந்தது. சேர்ந்து சொல்லும்போது எல்லாம் ஒரே ஓட்டம். மனைவியின் பேச்சை மட்டும் தனியாக எடுத்துச் சொல்லும்போது, கணவனின் ரிக் முடிகிற வரை ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. சொல்கிறவளுக்கு இவ்வளவு வேலையா என்று முதல் தடவையாகத் தோன்றிற்று.

மனைவியின் முறை ஐந்தாவது தடவை வந்தது. சொன்னார்.

கனபாடிகளின் கை முறத்தில் நின்றது.

"இன்னொரு தரம் சொல்லு."

சொன்னார்.

"இன்னொரு தரம்."

சொன்னார். இப்போது குரல் சற்றுப் பிசிறியது.

"இதை எங்கே கத்துண்டே?"

"இங்கேதான். உங்ககிட்டேதான்."

"நான் இப்படிச் சொல்லிக் கொடுக்கலையே" என்றார் கனபாடிகள்.

சொல்லிவிட்டு அந்த ரிக்கை அவரே சொன்னார். நிதானமாக, பாடம் எடுக்கிற மாதிரி. அந்த இடம் வந்தது. ஸ்வரம் ஏறிற்று.

சபையில் வாஞ்சி ஏற்றியது போலவே ஏறிற்று.

யக்ஞராமன் உரித்த மொச்சையை முறத்தில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நாப்பது வருஷமாவா அண்ணா இப்படிச் சொல்லிண்டிருக்கேன்?"

"அப்படித்தான் தெரியறது."

"நீங்க ஒரு தரம்கூடத் திருத்தலையே."

"காதுல விழுந்தாத்தானே திருத்தறதுக்கு?" கனபாடிகள் நிஜமாகவே யோசித்தார். "பாடம் எட்டுப் பேராச் சொன்னேள். பரீட்சையில நீயும் அவனும் சேர்ந்து சொன்னேள். அன்னிக்கு ஏழு பண்டிதா உக்காந்திருந்தா. ஒருத்தருக்கும் தப்பு கேக்கலை. இந்த இடத்துல சரியான ஸ்வரம்தான் எங்க எல்லார் காதுலயும் விழுந்தது. கணீர்னு விழுந்தது."

"அது எப்படி?"

கனபாடிகள் யக்ஞராமனையே பார்த்தார்.

அப்போதுதான் யக்ஞராமனுக்கு அந்தத் தோள் ஞாபகம் வந்தது.

இந்த இடம் வரும்போதெல்லாம் வாஞ்சி கொஞ்சம் சாய்வார். தோள் வந்து இடிக்கும். குரல் ஒரு பிடி ஓங்கும். தன் குரலே காதை நிறைத்துக்கொண்டிருக்கும்போது வாஞ்சி என்ன ஸ்வரம் சொல்கிறார் என்று யக்ஞராமன் எங்கே கவனித்தார்? கத்துகிறான் என்பது மட்டும்தான் தெரியும். சபை பார்க்கிறது என்று கொஞ்சம் ஜம்பம், போகட்டும் என்று விட்டுவிடுவார். ஊர்ப்பட்ட பேரிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறார்.

எத்தனை கோயில். எத்தனை கல்யாணம். எத்தனை வருஷம்.

"அவன் மூடி மறைச்சிருக்கான், அண்ணா."

"திருட்டுப் பய. என்னையும் சேர்த்துன்னா ஏமாத்தியிருக்கான்." கிழவர் திட்டினார். திட்டும்போதே கண் கலங்கிவிட்டது. அங்கவஸ்திரத்தால் துடைத்துக்கொண்டார். "தனியாக் கூப்பிட்டு உங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் அந்தக் கழுதை. ஏன் சொல்லலை?"

யக்ஞராமனுக்குத் தெரியும். யாராவது தன் ஸ்வரத்தில் குறை சொன்னால் தான் எப்படி ஆடுவோம் என்று அவருக்குத் தெரியும். வாஞ்சிக்கும் தெரியும்.

"சபையிலேருந்து எழுந்து போறச்சே ஏதாவது சொன்னானா?" என்று கேட்டார் கனபாடிகள்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை."

"வேற யார்கிட்ட?"

"சபையைப் பாத்து நமஸ்காரம் பண்ணினான். 'எனக்குத் தொண்டை சரியில்லை, ஸ்வரம் நிக்கலை, பெரியவா மன்னிக்கணும்'னு சொன்னான்."

"தொண்டை சரியில்லாம இருந்துதா?"

உள்ளே மன்னி எதையோ தாளித்தாள்.

"நன்னாத்தான் இருந்தது, அண்ணா."

யக்ஞராமன் எழுந்தார். மடியிலிருந்து மொச்சைத் தோல் எல்லாம் சிதறிற்று. பொறுக்கக் குனிந்தவர் பாதியில் விட்டுவிட்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்து உதறினார், மறுபடி போட்டார்.

"அந்த ஒரு இடத்தை எனக்குச் சரியாச் சொல்லிக் கொடுங்கோ."

"மாட்டேன்."

"அண்ணா?"

"நாப்பது வருஷமா உனக்காக அதைச் சொல்லிண்டிருக்கறவன் ஒருத்தன் இருக்கான். அவன்கிட்ட கேளு."

மன்னி ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். "கிளம்பிட்டியா? இலை போட்டாச்சு. அக்கரைக்கு நடந்து போறதுக்குள்ள மணி ஒண்ணாயிடும். ஒரு வாய் சாப்பிட்டுப் போ."

"வாஞ்சி ஆத்துல சாப்பிட்டுக்கறேன், மன்னி."

"கூப்பிட்டிருக்கானா?"

"இல்லை" என்றார் யக்ஞராமன். அதற்குள் பாதி முற்றத்தைத் தாண்டியிருந்தார். "போடலைன்னா கேட்டு வாங்கிக்கறேன்."