நாளைக்குப் பாயசம்

அந்த நாட்டில் ஒவ்வோர் அரசனும் பட்டமேறும் அன்று ஒரு புதுக் கொடையை முரசறைந்து அறிவிப்பான். ஒருவன் கல்யாண வீட்டுக்கு நெல் தந்தான். அவன் மகன் காதுகுத்துக்கும் தந்தான். பேரன் வளைகாப்பையும் சேர்த்துக்கொண்டான். எல்லோரும் நல்ல மனசுக்காரர்கள்தான். ஒரு கொடையை நிறுத்துவதற்காக முரசு அடித்த வழக்கம் மட்டும் அங்கே கிடையாது. வயலோ தாத்தா காலத்தில் இருந்த அதே வயல்.

அறுவடை முடிந்ததும் அரசன் களஞ்சியத்துக்கு வந்து, நெல் கொட்டி வைக்கும் குதிர்களைத் திறந்து, நெல்லை அள்ளி ஜனங்களுக்குக் காட்டுவான். சில வருஷங்களாக அதிகாரிகள் குதிருக்குள் பதரை நிரப்பி, மேலே ஒரு சாண் கனத்துக்கு நெல்லைப் பரப்பி வைத்தார்கள். அரசன் மணிக்கட்டுக்கு மேல் கையை உள்ளே விடக்கூடாது என்பதும் ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. யார் உண்டாக்கிய சம்பிரதாயம் என்று யாரும் கேட்கவில்லை. அரசனும் கேட்கவில்லை.

கடைசியில் விதைநெல் இருந்த குதிர் ஒன்றுதான் மிச்சம். அதன் சாவி மந்திரி கூத்தபிரானின் இடுப்பில் இருந்தது.

ஆடி பிறக்க இருந்தது. விதைக்கிற காலம். அதற்கு முன்பே அரசனின் மணிவிழா வந்தது. ஊருக்கெல்லாம் விருந்து என்று முரசு அடித்தாயிற்று. விதைக் குதிரைத் திறப்பதைப் பற்றி அன்று மாலை சபை கூடுவதாக இருந்தது.

உச்சிப்பொழுதில் கூத்தபிரான் வடிவம்மையின் மடத்துக்கு வந்தார். வடிவம்மை அவரைவிட வயதில் சிறியவர். ஆனாலும் அவருக்குக் குரு அந்த அம்மையார்தான். மனசு கலங்கும்போதெல்லாம் அங்கேதான் வருவார்.

"தாயே, விதைக் குதிரைத் திறந்தா இந்த வருஷம் விதைக்க ஒரு மணி இருக்காது."

"சபைக்கு அது தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். அரசருக்கும் தெரியும்."

"அப்போ யாருக்குத் தெரியாது?"

"ஜனங்களுக்கு."

"சொல்லுங்களேன்."

"எனக்கு முன்னால இருந்தவர் சொன்னாரு. வீட்டைக் கொளுத்திட்டாங்க. இப்போ பக்கத்து நாட்டுல வேற பேருல இருக்காரு."

கூத்தபிரான் குரலைத் தாழ்த்தினார்.

"யாருக்கும் வலிக்காம இதைச் சொல்ல ஒரு வார்த்தை வேணும், தாயே. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

உள்ளே மதியப் பந்தி உட்கார்ந்துகொண்டிருந்தது. வடிவம்மை அந்தப் பக்கம் பார்த்தார்.

"அரண்மனையிலேர்ந்து மடத்துக்கு வர்ற அரிசியும் கொறைஞ்சு போச்சு. நாளையிலேர்ந்து இங்க சோறு கிடையாது, கஞ்சிதான். பந்தியில போய்ச் சொல்லிட்டு வாங்க. அந்த வார்த்தை அங்க கிடைக்குதான்னு பாருங்க."

கூத்தபிரான் போனார். சுமைகூலிகள், வழிப்போக்கர்கள், கைக்குழந்தையோடு ஒரு பெண். அவள் பாதிச் சோற்றை இலையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தாள், யாருக்கோ கொண்டுபோக.

"நாளைக்கு..." என்று ஆரம்பித்தார்.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பெண்ணும் பார்த்தாள்.

"நாளைக்குப் பாயசம்!"

பந்தி ஆரவாரித்தது. "மகராசன் நல்லா இருக்கணும்!" என்றார் ஒரு கிழவர். கூத்தபிரானுக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய்ச் சந்தோஷம் இல்லை, நிஜமாகவே மனசு குளிர்ந்தது. வாசலைத் தாண்டிய பிறகுதான் வியர்த்தது.

வடிவம்மை அவரைக் கடிந்துகொள்ளவில்லை. எழுந்து தானே பந்திக்குப் போனார்.

"அவர் சொன்னது நடக்காது. அரிசி இல்லை. நாளையிலேர்ந்து கஞ்சிதான். அடுத்த அறுவடை வரைக்கும் அப்படித்தான்."

பந்தியிலிருந்து ஒரே சமயத்தில் பல குரல்கள் எழுந்தன.

"மடத்துல இருக்கறவங்களுக்கு மட்டும் நெய்ச்சோறா?"

"தர்மம் பண்ண வக்கில்லைன்னா எதுக்கு மடம்?"

ஒருவன் இலையை எட்டி உதைத்துவிட்டு எழுந்து போனான். வாழ்த்திய கிழவர் தரையில் காறித் துப்பினார். வடிவம்மை நின்ற இடத்திலேயே நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

ஒரு சுமைகூலி கேட்டான்: "கஞ்சியாவது எல்லாருக்கும் உண்டாம்மா?"

"கடைசி ஆள் வரைக்கும் உண்டு. எனக்கும் அதுதான்."

"அப்போ சரி. உப்பைக் கொஞ்சம் தூக்கலாப் போடச் சொல்லுங்க."

அவன் குனிந்து சாப்பிட ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்தவர்களும் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். எழுந்து போனவன் திரும்பி வரவில்லை.

இருவரும் வெளியே வந்தார்கள்.

"உங்களைத் திட்டிட்டாங்களே, தாயே."

"ஆமாம்."

"வலிக்கலையா?"

"வலிக்குது."

அப்போது அரண்மனைச் சேவகன் ஒருவன் வந்து வணங்கினான்.

"ஐயா, குதிர் சாவியைக் கொடுத்தனுப்பச் சொன்னாங்க. சபைக்கு நீங்க வரவேண்டாமாம். வயசான காலத்துல உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு அரசரே சொன்னாரு."

அவன் கையை நீட்டினான். கூத்தபிரான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். கொடுத்துவிட்டால் போதும். அவர் ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. யாரும் அவரைக் குறை சொல்லப்போவதுமில்லை.

அவர் குருவின் பக்கம் திரும்பினார். குரல் உடைந்திருந்தது.

"தாயே, வலிக்காத வார்த்தை ஒண்ணுகூடவா இல்லை?"

"இருக்கே," என்றார் வடிவம்மை. "அதைத்தானே நீங்க பந்தியில சொல்லிட்டு வந்தீங்க."

கூத்தபிரான் சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு, சேவகனுக்கு முன்னால் அரண்மனையை நோக்கி நடந்தார்.