வகுப்பில் பேசினால் வராந்தா

"என் மக எப்ப பேசுவா?"

கோமதிநாயகம் கேட்டதில் ஜன்னல் கதவே அதிர்ந்திருக்கும். ஊரில் மைக்செட் கடை வைத்திருப்பவர். எதிரில் நிற்பவரிடம் பேசினாலும் அடுத்த தெருவுக்கும் சேர்த்தே பேசுவார்.

ஜெசிந்தா டீச்சர் நிமிரவில்லை. அது காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம். டீச்சருக்கும் பிறவியிலேயே காது கேட்காது.

செல்லக்கனி ஆயா ஓடி வந்து கேள்வியைக் கையால் சொன்னார். ஆயாவுக்குக் காதும் கேட்கும், கையும் பேசும், வாய் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

"டாக்டர் பாத்தாச்சு. தாயத்து கட்டியாச்சு. வெள்ளியில நாக்கு செஞ்சு கோயில் உண்டியல்ல போட்டாச்சு. வீட்டுக்குக் கூப்பிட்டா வர மாட்டேங்கா. தீபாவளிக்கும் வரல. அவ அம்மா புதுச்சட்டையை மடியில வச்சுக்கிட்டு அழுதா. ஏன் வரலன்னு ஒரு வார்த்தை பேசினாத்தானே தெரியும்?"

டீச்சர் எழுந்து வெளியே போனார். பின்னாலேயே இவரும் போனார்.

வராந்தாவில் வடிவு சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"எதுக்கு நிக்கா?"

டீச்சரின் கைகள் அசைந்தன. ஆயா சொன்னார்:

"வகுப்புல ஓயாத பேச்சாம். எத்தனை தடவை சொன்னாலும் அடங்க மாட்டேங்காளாம். சுவரைப் பாத்து நிறுத்தினாத்தான் பேச்சு நிக்குமாம்."

"யாரு, என் மகளா?"

"பின்ன? சரியான வாயாடி."

டீச்சர் தோளைத் தொட, வடிவு திரும்பினாள். அப்பாவைப் பார்த்தாள்.

"வடிவூ! வீட்டுக்கு வாரியா?"

அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். அவள் கண்ணை மூடிவிட்டால் அத்தோடு சரி. ஒலிபெருக்கி வைத்தாலும் பயனில்லை.

டீச்சர் மறுபடி தொட்டு, ஏன் என்று கேட்டார். வடிவின் கைகள் பறந்தன. நடுவில் வாயை அகலத் திறந்து, இரண்டு கையையும் குழாய் மாதிரி வைத்துக் காட்டினாள். ஜன்னலில் எட்டிப் பார்த்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள்.

"அது என்ன?"

"நீங்கதான் அண்ணாச்சி. இங்க உங்க பேரு அதான்."

"சரி, என்ன சொல்லுதா?"

ஆயா கொஞ்சம் தயங்கினார்.

"வீட்டுல யாருக்கும் பேசத் தெரியாதாம். பொழுது போக மாட்டேங்காம்."

கோமதிநாயகத்துக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, பிள்ளை அந்த வீட்டில் எத்தனை நாள் எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்திருப்பாள் என்ற நினைப்புதான் அதிகம் உறுத்தியது.

"நான் என்ன செய்யட்டும்?"

இதைக் கேட்க ஆயா கிட்டே வர வேண்டியிருந்தது.

டீச்சர் ஒன்றாம் வகுப்பைக் காட்டினார். அங்கே முழங்கால் உயரத்தில் ஒரு பெஞ்சு கிடந்தது.

அதில் உட்கார்ந்தார். கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு, தினமும் காலை பஸ்ஸில் வந்து உட்கார்ந்தார். விரல்கள் முருங்கைக்காயாக விறைத்துக்கொண்டு நின்றன. தண்ணீர் கேட்கப் போய் என்னத்தையோ கேட்டுவைக்க, ஒன்றாம் வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. வடிவு ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். அப்புறம் பொறுக்க முடியாமல் உள்ளே வந்து, அவர் விரலைப் பிடித்து மடக்கித் திருத்திவிட்டுப் போவாள்.

கார்த்திகையில் வந்தவரை, பங்குனியில் டீச்சர் வடிவின் வகுப்புக்கு மாற்றினார். கடைசி பெஞ்சு. மகளுக்குப் பக்கத்து இடம்.

ஒரு நாள் டீச்சர் கரும்பலகையில் கணக்கு எழுதிவிட்டுத் திரும்பினார். ஒரு பிள்ளைகூடப் பலகையைப் பார்க்கவில்லை. எல்லாத் தலைகளும் கடைசி பெஞ்சைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

அங்கே கோமதிநாயகம், கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாத மாப்பிள்ளையின் தாய்மாமன் கதையைக் கையால் சொல்லிக்கொண்டிருந்தார். பந்தியில் சாம்பார் ஆறிவிட்டது. இவர் மெல்ல வயரைப் பிடுங்கப் போகிறார்.

டீச்சர் விரலை நீட்டினார். வராந்தா.

இரண்டு பேரும் போனார்கள்.

சுவரைப் பார்த்து நின்றார்கள். டீச்சர் தலை மறைந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்து நின்றார்கள்.

'அப்புறம்?' என்றன வடிவின் கைகள்.

'மீதி பெரிய கதை. உங்கம்மாவும் அந்தக் கல்யாணத்துல இருந்தா. வீட்டுல வச்சுச் சொல்லுதேன்.'

வடிவு யோசித்தாள். விடுதிக்குப் போய்ப் பையை எடுத்து வந்தாள்.

கணக்கு முடிந்ததும் டீச்சர், இருவரையும் உள்ளே வரச் சொல்லி ஆயாவை அனுப்பினார். வராந்தா காலியாக இருந்தது. வாசல் கேட்டருகே இரண்டு பேர் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நாலு கையும் ஓயவில்லை.

"அண்ணாச்சி! டீச்சர் கூப்பிடுதாவ!"

ஆயா தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார்.

இரண்டு பேருமே திரும்பவில்லை.