கம்பியில் போன கைதி

தும்பையூர் ராஜா அதிவீரசிங்கரின் தலையில் ஒரு வெள்ளைக்காரன் விசித்திர யந்திரம் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனான். அரண்மனையில் ஒன்று, மூன்று நாள் பயணத் தொலைவில் கள்ளிமலைக் கோட்டையில் ஒன்று, நடுவே கம்பி. இங்கே தகட்டில் எழுதி வைத்தால் ஊசல் ஆடும். அங்கே ஈரக் காகிதத்தில் அதே கையெழுத்து கோடு கோடாக விழும்.

அந்த நாட்டில் ராஜாவின் கடிதம் வந்தால் ராஜாவே வந்ததாகக் கணக்கு. மேளம் கொட்டி ஆரத்தி எடுக்க வேண்டும். முதல் கடிதம் கம்பியில் போனதும் கோட்டைத் தளபதி குழம்பிப்போய், "ஆரத்தி இந்த நகலுக்கா, பின்னால் வரும் அசலுக்கா?" என்று கேட்டார்.

மந்திரி அனந்தராயர் மகா புத்திசாலி அல்லவா? நகல் கம்பியில் போகட்டும், அசல் குதிரையில் போகட்டும், நகல் தெளிவாக விழுந்ததா என்று கேட்டுவர இன்னொரு குதிரை போகட்டும் என்று ஏற்பாடு செய்தார். அப்பப்பா, என்ன வேகம்!

ராஜா கொதித்துப்போனார். "நகல் போனால் அசலே போனதாகத்தான் அர்த்தம். இனி அசலை அனுப்புகிறவன் தலை உருளும்!" என்று உத்தரவு போட்டார். பிறகு அரசவை விகடர் சிற்றம்பலத்தைப் பார்த்து, "இந்த யந்திரத்தின் எதிர்காலம் எப்படி ஐயா?" என்றார்.

"அமோகம், பிரபு! இருநூறு வருஷம் கழித்து உலகமே இதைத் தூக்கிப் போட்டிருக்கும். சர்க்கார் அலுவலக மூலையில் மட்டும் துணி போர்த்தி ஒன்று இருக்கும். அதில் அனுப்பினால்தான் செல்லும் என்பார்கள். ஏனென்று அவர்களுக்கே தெரியாது."

மந்திரி குதித்தார். "ராஜாவின் யந்திரத்தையா பழிக்கிறாய்? பிரபு, இவனைக் கள்ளிமலைச் சிறையில் ஒரு வருஷம் போடுங்கள்!"

ராஜாவும் சூட்டோடு சூடாகத் தலையாட்டிவிட்டார். கள்ளிமலைக் காய்ச்சலை ஒரு மாதம் தாங்கியவர் கிடையாது. சிற்றம்பலம் நிஜமாகவே பயந்துவிட்டார்.

"ஆகட்டும் பிரபு, இப்போதே போகிறேன்" என்றவர், தகட்டில் தன் உருவத்தைத் தொந்தி உட்பட வரைந்தார். கீழே தண்டனையையும் எழுதி நீட்டினார். வெறும் முன்னறிவிப்புத்தானே என்று மந்திரி குஷியாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

சாயங்காலம் பதில் வந்தது. "கைதி வந்து சேர்ந்தார். சற்று மங்கலாக இருக்கிறார். பூட்டிவிட்டோம். சோறு போட வேண்டுமா?"

மந்திரிக்கு முகம் வெளிறியது. "அப்படியானால் இங்கே நிற்கிற இவன் யார்?"

"அசல்தான், ஐயா. எங்கே, அனுப்பித்தான் பாருங்களேன், யார் தலை உருளுகிறதென்று!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தண்டனையை அங்கேயே ரத்து செய்து, தோளில் கிடந்த சரிகைச் சால்வையை எடுத்துச் சிற்றம்பலத்துக்குப் போர்த்தினார், அசலாகவே.