குட்டியானையில் ஒரு பாதயாத்திரை

மலையடிப்பாளையத்துக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று அக்கம்பக்கத்து ஊர்களில் சொல்வது வெறும் அபாண்டம். மூளை உண்டு. அதை அவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் தொல்லையே.

நாச்சிமுத்துவின் மனைவி பாவாயி ஒரு நாள் சந்தைக்குக் கிளம்பும்போது, "நான் வர்ற வரைக்கும் யாரையும் வீட்டுக்குள்ள விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குப் பார்த்து அவளுடைய அப்பனும் ஆத்தாளும் வந்தார்கள். மழையும் வந்தது. நாச்சிமுத்து ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஜன்னல் வழியாக இரண்டு மணி நேரம் அவர்களுக்குப் பேச்சுத்துணையாக இருந்தான். மாமனார் தும்மியபோதெல்லாம் "நூறாயுசு" என்று வாழ்த்தினான். திரும்பி வந்த பாவாயி, நனைந்த பெற்றோரைப் பார்த்தாள், உலர்ந்த புருசனைப் பார்த்தாள், அப்படியே அவர்களோடு பஸ் ஏறிவிட்டாள்.

மூன்று மாதம் போனில் கெஞ்சிய பிறகு அவள் ஒரு வழி சொன்னாள். "பங்குனி உத்திரத்தன்னிக்கு எல்லாரையும் மாதிரி தொட்டிக்காட்டுப் பிள்ளையார் கோயில்ல இருந்து நம்ம மலைக்கு நடந்து வாங்க. நான் மலை உச்சியில நிக்கறேன். சாயங்காலப் பூசைக்குள்ள வந்துட்டா உங்க கூட வீட்டுக்கு வர்றேன். இல்லீன்னா எங்கூருக்கே போயிருவேன்."

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. யாரையாவது உள்ளே விடலாமா கூடாதா என்று சொல்லவும் ஆளில்லை.

மலை அவன் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. முருகன் அங்கேயிருந்து எட்டிப் பார்த்தால் நாச்சிமுத்துவின் கொடியில் காயும் வேட்டி தெரியும். ஆனாலும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் நடையைத் தொடங்க வேண்டும் என்பது வழக்கம். பிள்ளையாரோ இருபது கிலோமீட்டர் கிழக்கே உட்கார்ந்திருக்கிறார். ஆக, மலையடியில் குடியிருப்பவன் அவ்வளவு தூரம் போய், அங்கிருந்து நடந்து தன் வீட்டுக்கே வந்து சேர வேண்டும். சாமிகள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று யாரும் கேட்பதில்லை.

அவனோடு அய்யாவுவும் தெய்வசிகாமணியும் மாலை போட்டுக்கொண்டார்கள். ஒன்பதாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன் என்பதால் தெய்வசிகாமணிக்கு ஊரில் மரியாதை அதிகம். மாலை போட்டுவிட்ட குருசாமி, "இனி மலையைப் பார்த்து நடக்கறதுதான் வேலை. சாமிக்கு முதுகு காட்டப்படாது" என்று சொல்லி, திருநீறு பூசி அனுப்பினார். பாவம், அவருக்கு இவர்களைத் தெரியாது.

அன்றைக்கே வேப்பமரத்தடியில் ஆலோசனை நடந்தது.

"பஸ்ஸுல போயிரலாமா?" என்றான் அய்யாவு.

"பஸ்ஸுல சீட்டெல்லாம் முன்னால பார்த்துப் போட்டிருக்கான்" என்றான் தெய்வசிகாமணி. "கிழக்கே போனா முதுகு மலைக்குத்தான் இருக்கும்."

"அப்ப பின்னாலயே நடந்து போலாம்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அய்யாவு மலையைப் பார்த்தபடியே பதினோரு அடி பின்னால் நடந்து காட்டினான். பன்னிரண்டாவது அடியில் மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்தான்.

"அதுவுமில்லாம," என்றான் தெய்வசிகாமணி, அவனைத் தூக்கிவிடாமலே, "பின்னால போறது நடையில சேராது. மலையைப் பார்த்து நடக்கோணும். ஆனா கிழக்கே போய்ச் சேரோணும்."

நாச்சிமுத்து தலையைப் பிடித்துக்கொண்டான். பாவாயி உச்சியில் நின்று பார்த்துவிட்டு பஸ் ஏறுவது அவன் கண்முன்னே வந்து போனது. அந்தக் கலக்கத்தில்தான் அவனுக்கு வழி தோன்றியது.

"குட்டியானை" என்றான்.

தேங்காய் ஏற்றும் மாரப்பனின் சின்ன சரக்கு வண்டிக்கு அங்கே அதுதான் பெயர். உத்திரத்தன்று காலையில் மூவரும் அதன் பின்தட்டில் ஏறி, மலையைப் பார்த்து நின்றுகொண்டார்கள். வண்டி கிழக்கே கிளம்பியதும் நின்ற இடத்திலேயே தப்தப்பென்று நடக்க ஆரம்பித்தார்கள். "ஏனுங்ணா, தட்டு கழண்டுரும்" என்றான் மாரப்பன். அவர்கள் "அரோகரா" என்றார்கள். 

ஆறு கிலோமீட்டர் தாண்டியதும் நாச்சிமுத்து கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான்.

"மாப்ள, மலை சிறுசாகுது."

"வேகமா நட" என்றான் தெய்வசிகாமணி.

வேகமாக நடந்தார்கள். மலை இன்னும் சிறுத்தது. ஓடினார்கள். அந்த நேரம் பார்த்து மாரப்பனும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். மலை ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வந்து, பிறகு காணாமலே போய்விட்டது.

பிள்ளையார் கோயிலில் மூவரும் வேர்த்து விறுவிறுத்து இறங்கினார்கள். மற்றவர்கள் விடியும்போதே நடக்கத் தொடங்கிவிட்டார்கள். மாரப்பன் தலைக்கு மேலே ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினான்.

"இருபது கிலோமீட்டர் மலையைப் பார்த்தே நடந்திருக்கோம்" என்றான் நாச்சிமுத்து, அழாத குறையாக. "இருபது கிலோமீட்டர் அது அக்கட்ட போயிருச்சு. இன்னும் நடந்தா இன்னும் போயிரும். பாவாயி வேற அது மேல நிக்கறா."

தெய்வசிகாமணி தேங்காயை உடைத்து, ஒரு சில்லை மென்று யோசித்தான். "பார்த்து நடந்தா போகுதுன்னா, திரும்பி நடந்தா வந்துதான ஆகோணும்?"

"சாமிக்கு முதுகு காட்டப்படாதுன்னாரே குருசாமி" என்றான் அய்யாவு.

"காட்டறது வேற. நாம கூட்டிட்டுப் போறோம். முன்னால போறவன் முதுகு பின்னால வர்றவனுக்குத் தெரியத்தான் செய்யும்."

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூவரும் கிழக்கே விறுவிறுவென்று நடந்தார்கள். கிழக்கூர்களிலிருந்து எதிரே வந்த பக்தர்கள் இவர்களைத் தடுத்து, "முருகன் அந்தப் பக்கமுங்க" என்றார்கள். "வந்துட்டே இருக்காருங்க" என்று பணிவாகப் பதில் சொல்லிவிட்டு நடந்தார்கள்.

ஐந்து மணிக்கு அறுபது படிகளோடு ஒரு குன்றும், அதன்மேல் சின்ன முருகன் கோயிலும் தெரிந்தன.

"வந்துருச்சு" என்றான் நாச்சிமுத்து.

"ரொம்பச் சிறுசா இருக்குதே?" என்றான் அய்யாவு.

"அத்தனை தூரம் தரையில தேய்ஞ்சு வந்திருக்குதல்ல" என்றான் தெய்வசிகாமணி.

நாச்சிமுத்து படிகளில் பாய்ந்து ஏறினான். உச்சியில் ஒரு பூசாரி இருந்தார், இரண்டு குரங்குகள் இருந்தன. பாவாயி இல்லை. சுற்றிச்சுற்றி வந்து தேடினான். அவளுக்குப் போன் போட்டான்.

"ஏனுங், எங்க இருக்கறீங்க?" என்றாள். "பூசைக்கு நேரமாச்சு."

"நான் மலை உச்சிக்கு வந்துட்டேன் புள்ள. நீ எங்க?"

"நானும் உச்சியிலதான் நிக்கறேன். இங்க உங்களைக் காணமே?"

நாச்சிமுத்துவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்தான். மலை கிளம்பியபோது பாவம், அவள் எதையும் பிடித்துக்கொள்ளாமல் நின்றிருக்கிறாள். விழுந்தது கூடத் தெரியாமல் பேசுகிறாள்.

"பாவாயி, பயப்படாத" என்றான், குரலைத் திடப்படுத்திக்கொண்டு. "அடி கிடி பட்டிருக்குதான்னு பாரு. விழுந்த இடத்துலயே இரு. நாங்க மலையைத் திருப்பிக் கூட்டிட்டு வந்து உன்னை ஏத்திக்கறோம்."