ராஜாவுக்கு வயிற்று வலி, ஊருக்குப் பத்தியம்

கிட்ட வந்து உட்காருங்கள், இன்னும் கொஞ்சம் நகர்ந்து. பசியோடு வந்தவர்கள் முன்னால் வாருங்கள்; இது சாப்பாட்டு விஷயம்.

கோவிலாங்கோட்டை ராஜா மல்லப்பருக்கு அதிரசம் என்றால் உயிர். ஒருநாள் தட்டு தட்டாகத் தின்றுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார். அரண்மனை வைத்தியர் சிங்காரலிங்கம் ஓடிவந்து நாடி பிடித்தார். நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. ஆனால் ராஜாவைப் பார்த்து 'வாயைக் கட்டுங்க' என்று சொன்னால் கழுத்தில் தலை நிற்குமா?

"மகாராஜா, நாட்டு ஜனங்க கண்டதையும் திங்குறாங்க. அதுதான் உங்க வயித்துல வலியா இறங்குது" என்றார்.

ராஜாவுக்கு அந்தப் பேச்சு இனித்தது. உடனே தண்டோரா. இனி எந்தக் குடும்பத்திலும் நெய் கூடாது, வெல்லம் கூடாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பேறக் கூடாது. கம்மங்கூழும் உப்பில்லாக் கீரையும்தான். அதிலும் துளி மிச்சம் வைக்கக் கூடாது. ராஜாவுக்கு மட்டும் விலக்கு. ராஜ உடம்பு வேறு உடம்பாம்!

சேவகர்கள் வீட்டு வாசல்தோறும் நின்று மூக்கை உறிஞ்சினார்கள். தாளிப்பு வாசம் வந்தால் சட்டியோடு பறிமுதல். பறித்த பலகாரமெல்லாம் எங்கே போயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். சேவகர்களின் இடுப்புக் கச்சை மட்டும் நாளுக்கு நாள் எட்டாமல் போயிற்று.

சபையில் ராஜாவுக்கு யோசனை சொல்கிறவன் சித்திரையன். அவன் வீட்டுக்கு மொக்கையன் கண் கலங்க வந்தான். ராஜாவின் சாப்பாட்டை முதலில் தான் தின்று, விஷமில்லை என்று காட்டுகிற வேலை மொக்கையனுக்கு.

"அண்ணே, வெள்ளிக்கிழமை என் மகளுக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்டு ஜனம் வருது. சர்க்கரைப் பொங்கல், புளியோதரைன்னு வகைவகையா சோறு போடாம கூழை ஊத்தினா, என் மகளைக் காலம் பூரா குத்திக்காட்டுவாங்கண்ணே."

சித்திரையன் மோவாயைத் தடவினான். "இன்னைக்கு ராஜாவுக்கு என்ன சாப்பாடு?"

"நெய்ச்சோறு, காடை வறுவல், அதிரசம்."

"முதல்ல திங்குறது யாரு?"

"நான்தான்."

"அடப்பாவி! நெய் திங்க நீ என்ன ராஜாவா? சட்டத்தை மதிக்கக் கத்துக்கடா!"

மொக்கையன் விழித்தான். பிறகு மெல்லச் சிரித்தான்.

மத்தியானம் இலை போட்டாயிற்று. மொக்கையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "மன்னிக்கணும் மகாராஜா. நான் பிரஜை. நெய் தொட்டா குத்தம்."

"உனக்கும் விலக்கு! தின்னுடா!" என்று கத்தினார் ராஜா.

சித்திரையன் பதறுகிறவன் போல முன்னால் வந்தான். "ஐயையோ, வேண்டாம் மகாராஜா! ஜனம் தின்னா வலி உங்க வயித்துல இல்ல இறங்கும்? இதோ நிக்கிறாரே வைத்தியர், கேளுங்க."

வைத்தியர் வசமாக மாட்டிக்கொண்டார். இல்லை என்றால் பொய் சொன்னது வெளியாகும். "ஆ... ஆமாம் மகாராஜா."

ராஜாவின் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. "அப்ப ருசி பார்க்காமலே சாப்பிடறேன்!"

"சாப்பிடலாம் மகாராஜா. போன தடவை உங்க மச்சினர் அனுப்பின பாயசத்தைக் குடிச்ச பூனை..."

நீட்டிய கையை ராஜா இழுத்துக்கொண்டார். சட்டப்படி மொக்கையன் ருசி பார்க்கக்கூடியது ஒன்றுதான் இருந்தது. கூழும் கீரையும் வந்தன. மொக்கையன் நாக்கில் வைத்து, "விஷமில்லை மகாராஜா" என்றான். ராஜா முகத்தைச் சுளித்துக் குடித்தார். அடுத்த வேளையும் அதேதான். அதற்கடுத்த வேளையும்.

வியாழக்கிழமை காலை எழுந்தால், வயிற்று வலியைக் காணோம்! ராஜா துள்ளிக்கொண்டு சபைக்கு வந்தார்.

"சித்திரையா, இது என்ன அதிசயம்?"

"வைத்தியர் குடுத்தது நல்ல மருந்துதான் மகாராஜா. குடிக்க வேண்டிய ஆளைத்தான் மாத்திட்டாரு."

ராஜா வைத்தியரைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார், பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சட்டம் அன்றே போயிற்று. வளைகாப்புக்கு அரண்மனையிலிருந்து நெய்க்குடமும் வெல்ல மூட்டையும் போயின.

வெள்ளிக்கிழமை மொக்கையன் வீட்டுப் பந்தியில் சம்பந்திமார் சப்புக் கொட்டிச் சாப்பிட்டார்கள். பொங்கல் வாசம் பிடித்து வைத்தியரும் வந்து உட்கார்ந்தார். சித்திரையன் அவரை விழுந்து விழுந்து உபசரித்தான். அவருக்கென்றே ஒரு பெரிய கலயம் நிறையக் கம்மங்கூழைக் கொண்டுவந்து வைத்தான். உப்பில்லாக் கீரையை இலையில் குவித்தான். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"சாப்பிடுங்க வைத்தியரே. துளி மிச்சம் வைக்கக் கூடாது, ஆமாம்!"