செவலை போட்ட மூன்று எல்லை

குறுங்காட்டுக்கு நடுவே ஒரு குட்டை. குட்டைக்கரையில் இலந்தைப் புதர்கள் வளைத்துக்கொண்ட ஓர் இடம். அதற்குள் கொஞ்சம் வெள்ளாடுகள் இருந்தன. அவற்றுக்குக் காவல், செவலை என்கிற வயதான பெண் நாய்.

மேய்ப்பன் எங்கே என்று கேட்பீர்கள். மேய்ப்பன் கிடையாது. ஓர் அடைமழையில் அந்த ஆடுகள் வழி தவறி வந்தன. மழை விட்டதும் வழி தெரிந்தது. கூடவே புல்லும் தெரிந்தது. புல்லைப் பார்த்ததும் வழி மறந்துபோயிற்று. தேடிக்கொண்டு வந்த செவலை, இதுகளைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போவதைவிட இங்கேயே காவல் இருப்பது சுலபம் என்று உட்கார்ந்துவிட்டது.

காவல் என்றால் இரவெல்லாம் குரைப்பது என்று நினைக்காதீர்கள். செவலையின் தொழில் வேறு. சாயங்காலம் குட்டையைச் சுற்றி ஒரு நடை போகும். ஒவ்வொரு புதரிலும் கொஞ்சம் மூத்திரம் பெய்யும். அதுதான் எல்லை. பெண் நாய் எல்லை போடுமா என்று சிலர் சந்தேகப்படலாம். செவலை போடும். நரி வந்து மோந்து பார்த்தால் போதும். போட்டது யார், என்ன வயது, உடம்பில் எவ்வளவு தெம்பு, எல்லாம் மூக்கிலேயே தெரிந்துவிடும். 'இவளிடம் வேண்டாம்' என்று திரும்பிப் போய்விடும். வருஷக்கணக்காக ஓர் ஆடுகூடக் குறையவில்லை.

அந்த மாசி மாதம் செவலைக்கு நீர்க்கடுப்பு வந்தது.

புதருக்குப் பக்கத்தில் உட்காரும். நெருப்புப் பட்டதுபோல் எரியும். இரண்டு சொட்டு விழும். எழுந்து நாலடி போனால் மறுபடியும் முட்டும். மறுபடியும் இரண்டு சொட்டு. தூங்கும்போது தன்னை அறியாமல் படுத்த இடமே நனைந்துவிடும்.

ஆடுகளில் மூத்தது ஒற்றைக்கொம்பி. அது ஒரு காலையில் அந்த ஈரத்தைப் பார்த்தது.

"என்னக்கா இது, கீழே ஈரம்?"

"பனி" என்றது செவலை.

"பனியா? நான் பக்கத்துலதானே படுத்திருந்தேன். என் மேல விழலியே?"

"பனி என்ன உன்னைக் கேட்டுக்கிட்டா விழும்? போய் மேயற வேலையைப் பாரு."

மறுநாளும் பனி விழுந்தது. அதற்கு மறுநாளும் விழுந்தது. சரியாகச் செவலையின் வாலுக்குக் கீழே மட்டும் விழுந்தது. ஒற்றைக்கொம்பி மோந்து பார்த்துவிட்டு, "அக்கா, இந்தப் பனிக்கு வைத்தியம் பார்த்தாகணும்" என்றது. செவலைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. காவல்காரி படுக்கையில் பெய்தாள் என்று தெரிந்தால் யார் மதிப்பார்கள்? ஆனால் ஒற்றைக்கொம்பி விடுகிற ஆடு இல்லை. முட்டி முட்டியே அத்திமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று.

அத்திமரத்தில் இருந்தது கருமந்தி வைத்தியர். முகம் கறுப்பு, வால் நீளம், வாய் அதைவிட நீளம். காட்டில் எந்தப் பச்சிலை எதற்கு என்று அதற்குத் தெரியும்.

"எத்தனை நாளா?" என்றது கருமந்தி.

"நேத்துலேருந்துதான்" என்றது செவலை.

"பொய். எத்தனை நாளா?"

"போன வளர்பிறையிலேருந்து" என்றது ஒற்றைக்கொம்பி.

கருமந்தி நெருஞ்சிலைப் பிடுங்கிக் கல்லில் நசுக்கியது. பாறைக்குழித் தண்ணீரில் ஊறப்போட்டது. "பௌர்ணமி வரைக்கும் தினமும் வந்து இதைக் குடி. பச்சைத் தண்ணியும் நிறையக் குடி. முட்டினா அடக்காதே. ஈரத்துல படுக்காதே. வலி போனாலும் பௌர்ணமி வரைக்கும் மருந்தை நிறுத்தாதே" என்றது.

செவலை குடித்தது. கசப்பில் காது இரண்டும் மடிந்தன. நாலைந்து நாளில் எரிச்சல் நின்றது. உடனே மருந்தையும் நிறுத்திவிட்டது.

"ஏங்க்கா, பௌர்ணமி வரலியே?" என்று கேட்டது ஒற்றைக்கொம்பி.

"வலிதான் போயிடுச்சே. வலி இல்லாதவ மருந்து குடிச்சா மருந்துக்கே அவமானம்."

பங்குனியில் நீர்க்கடுப்பு திரும்பி வந்தது. இந்த முறை செவலை யாரிடமும் சொல்லவில்லை. ஒற்றைக்கொம்பிக்குத் தெரியாமல் படுக்கையைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டது.

ஆனால் ஒருவனுக்குத் தெரிந்துவிட்டது. மினுக்கன் என்கிற நரி. அவன் புதர்களை மோந்து பார்த்தான். எல்லையில் தெம்பு இல்லை. சொட்டுச் சொட்டாக இருந்தது. நோய் வாடை அடித்தது. மினுக்கனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இந்த நாய் படுத்துவிட்டால் அத்தனை ஆடும் அவன் வீட்டு விருந்து. படுக்க வைப்பது எப்படி என்று யோசித்தான். பிறகு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு குட்டைக்கு அக்கரையில் வந்து நின்றான்.

"பெரியம்மா, சௌக்கியமா?"

"யாருடா உனக்குப் பெரியம்மா?"

"நாயும் நரியும் ஒரே வம்சந்தானே? ஒரு சித்தப்பா வீட்டுப் பக்கம், ஒரு பெரியப்பா வீட்டுப் பக்கம். அதை விடுங்க. நீங்க கஷ்டப்படறதைப் பார்த்தா எனக்குத் தூக்கம் வரலை. எங்க அம்மாவுக்கும் கடைசியில இப்படித்தான்."

செவலை உறுமியது. ஆனால் போகச் சொல்லவில்லை. தன் கஷ்டத்தை ஒருவன் வாயைத் திறந்து கேட்டானே என்று இருந்தது.

"எரியறது எப்போ?" என்றான் மினுக்கன்.

"பெய்யும்போது."

"பெய்யறது எதனால?"

"தண்ணி குடிக்கிறதனால."

"அப்போ தண்ணியைக் குறைச்சுட்டா?"

செவலை தலையைச் சாய்த்து யோசித்தது. அடடா, இவ்வளவு எளிய விஷயம் அந்த வைத்தியருக்குத் தோன்றவில்லையே! குடிக்காவிட்டால் பெய்ய வேண்டாம். பெய்யாவிட்டால் எரியாது. படுக்கையும் நனையாது. மானமும் போகாது.

அன்று முதல் செவலை குட்டையை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. ஆடுகள் தண்ணீர் குடிக்கும்போது வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

வெயில் ஏறியது. பெய்தது குறையத்தான் செய்தது. ஆனால் பெய்த கொஞ்சமும் மிளகாயைக் கரைத்து விட்டதுபோல் எரிந்தது. நிறம் கறுத்தது. ரத்தமும் கலந்து வந்தது. ஒரு சாயங்காலம் எல்லை போடக் கிளம்பிய செவலை மூன்றாவது புதருக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. ஆடுகள் சுற்றி நின்று கத்தின. புதருக்கு வெளியே இரண்டு கண்கள் மினுங்கின. ஒற்றைக்கொம்பி இருந்த ஒரே கொம்பையும் நீட்டிக்கொண்டு வாசலில் நின்றது. அன்றைக்கு நரிக்குத் துணிச்சல் வரவில்லை. ஆனால் இன்னொரு நாள் வரும் என்று எல்லா ஆட்டுக்கும் தெரிந்தது.

இந்த முறை கருமந்தியே மரத்தைவிட்டு இறங்கி வந்தது. செவலை தண்ணீர் குடிக்காத கதையைக் கேட்டது.

"இந்த யோசனை யார் சொன்னது?"

"மினுக்கன்."

"ஆட்டைத் தின்கிறவன்கிட்ட ஆட்டுக்காவல்காரி வைத்தியம் கேட்டிருக்கே. ரொம்ப நல்லது."

செவலை முனகியது. "உன் மருந்து மட்டும் என்ன கிழிச்சுது? போயிடுச்சுன்னு நினைச்சேன், திரும்ப வந்துடுச்சே."

கருமந்தி செவலையின் காதைப் புரட்டிப் பார்த்தது. அங்கே ஓர் உண்ணி இருந்தது. "செவலை, அவசரத்துல உண்ணியைப் பிய்ச்சா என்ன ஆகும்?"

"தலை உள்ளேயே தங்கிடும்."

"வெளியே தெரியுமா?"

"தெரியாது. அப்புறம் புண்ணாகிப் புடைச்சாத்தான் தெரியும்."

"நீ பாதி மருந்துல நிறுத்தினே பாரு, அது அப்படித்தான். உடம்பு போச்சு, தலை உள்ளேயே இருக்கு. வயசான உடம்புக்கு இது வந்து வந்து போகும். அதுல வெட்கப்பட என்ன இருக்கு? எனக்குப் பல் ஆடுது. நான் பனின்னா சொல்றேன்?"

ஒற்றைக்கொம்பிக்குச் சிரிப்பு வந்தது. செவலைக்கும் வந்தது, சிரித்ததில் இரண்டு சொட்டு விழுந்தது.

அமாவாசையிலிருந்து மருந்து தொடங்கியது. ஒற்றைக்கொம்பி தினமும் பக்கத்தில் நின்று குடிக்க வைத்தது. ஆடுகள் காய்ந்த சருகுகளை வாயால் கவ்விக்கொண்டு வந்து படுக்கை போட்டன. நனைந்தால் தள்ளிவிட்டுப் புதிதாகப் போட்டன. செவலை குட்டையில் தண்ணீரைக் குடித்துக் குடித்து வயிற்றை நிரப்பியது. குடித்ததால் முட்டியது. முட்டியதை அடக்கவில்லை. வழக்கமான புதர்கள் போதாமல் கல், கட்டை, கறையான் புற்று என்று கண்ட இடத்திலெல்லாம் உட்கார்ந்து எழுந்தது. நடுக்காட்டில் ஒரு நாய் இவ்வளவு பெய்ததை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை.

காய்ச்சல் இறங்கியது. பிறகு எரிச்சலும் நின்றது. பௌர்ணமிக்கு இன்னும் நாள் இருந்தது.

மினுக்கன் மறுபடியும் அக்கரைக்கு வந்தான்.

"பெரியம்மா, முகத்துல என்ன களை! குணமாயிடுச்சு போல?"

"ஆமாண்டா."

"அப்புறம் ஏன் அந்தக் கசப்பு? எரிச்சல் போன பிறகும் குடிக்கச் சொன்னா, அது வைத்தியர் தன் பெருமைக்குச் சொல்றது. எத்தனை நாளா சரியா தூங்காம இருக்கீங்க. இன்னிக்கு மருந்தும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். விடியற வரைக்கும் நல்லாத் தூங்குங்க."

செவலையின் கண்கள் செருகின. தூக்கம் என்ற சொல்லே தேனாக இருந்தது. பாறைக்குழி தூரத்தில் இருந்தது. கசப்பு நினைவிலேயே நாக்கை இழுத்தது. காலை நீட்டிப் படுத்தேவிட்டது. ஒற்றைக்கொம்பி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. இந்த முறை அது முட்டவில்லை. தன் குட்டிகளை எண்ணிப் பார்ப்பதுபோல் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான்.

செவலை பெருமூச்சு விட்டது. "உண்ணித்தலை" என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்தது. பாறைக்குழிக்குப் போய் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் நக்கிக் குடித்தது. வரும் வழியில் குட்டையில் வயிறு முட்டத் தண்ணீரும் குடித்தது.

விடியும் நேரத்தில் மினுக்கன் வந்தான். தனியாக வரவில்லை. மச்சான்மார்களையெல்லாம் விருந்துக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"கிழவி ஒருத்திதான். அவளும் அசந்து தூங்கிக்கிட்டிருப்பா" என்றான்.

மச்சான் ஒருவன் முதல் புதரை மோந்தான். "ஆமா மாப்ளே. கிழட்டு நாய். சீக்கு வாடை அடிக்குது."

"சொன்னேனா இல்லையா?"

இன்னொருவன் கறையான் புற்றை மோந்தான். அவன் மூக்கைச் சுருக்கினான். "இது யாரு? நெருஞ்சில் வாடை நெடியடிக்குது. இந்தக் காட்டுல இப்படி ஒரு நாயை நான் மோந்ததே இல்லையே?"

மினுக்கன் விழித்தான். அதற்குள் மூன்றாவது மச்சான் கூப்பிட்டான். "மாப்ளே, இங்கே வா. இந்தக் கல்லு இன்னும் ஈரமா இருக்கு. சீக்கும் இல்லை, கசப்பும் இல்லை. நல்ல தெம்பான நாய். இப்பத்தான் போயிருக்கு."

"ஒருத்தின்னியே, மூணு நாயில்ல இருக்கு?"

"மூணுதானா? கட்டைக்குக் கட்டை ஈரம். ஒரு பட்டாளமே இருக்கு போல."

செவலை ஒருத்தியேதான். நோயில் பெய்தது ஒரு வாடை, மருந்தோடு பெய்தது ஒரு வாடை, தேறியபின், மருந்து வாடையே கரையும்படி ராத்திரி தண்ணீர் குடித்துப் பெய்தது ஒரு வாடை. மழை இல்லாததால் மூன்றும் அழியாமல் இருந்தன. ஆனால் அதைப் பொறுமையாக உட்கார்ந்து யோசிக்கிற நிலையில் நரிகள் இல்லை.

அந்த நேரம் பார்த்துச் செவலைக்கு முட்டியது. குடித்த தண்ணீர் சும்மா இருக்குமா? எழுந்து புதருக்கு வெளியே வந்தது. எதிரே வரிசையாக நரிகள். எரிச்சல் இல்லாத வயிற்றிலிருந்து ஒரு குரைப்பு கிளம்பியது பாருங்கள், குட்டைத் தண்ணீரே ஒரு முறை கரையேறி இறங்கியது. ஆடுகளும் சேர்ந்து கத்தின. மச்சான்மார்கள் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். மினுக்கன் எல்லோருக்கும் முன்னால் ஓடினான்.

குட்டைக்கரையில் மூன்று நாய்கள் காவல் என்ற செய்தி காடெங்கும் பரவியது. அது செவலையின் காதுக்கும் வந்தது.

"எனக்குத் தெரியாம மத்த ரெண்டும் எப்போ வந்துதுங்க?" என்று அது கோபமாகக் கிளம்பிப் போய்ப் புதர் புதராக மோந்தது. கொஞ்ச நேரம் கழித்து வாலைத் தாழ்த்திக்கொண்டு திரும்பி வந்தது.

"கண்டுபிடிச்சியாக்கா?" என்றது ஒற்றைக்கொம்பி.

"ம். நல்ல பொம்பளைங்கதான். இருந்துட்டுப் போகட்டும்."

பௌர்ணமி வரை செவலை ஒரு நாளும் தவறவில்லை. அதன் பிறகு நீர்க்கடுப்பு வரவே இல்லை என்று சொன்னால் அது பொய். அடுத்த கோடையில் வந்தது. முதல் சொட்டு எரிந்ததுமே செவலை அத்திமரத்தடிக்குப் போய் நின்று, "வைத்தியரே, எனக்குப் பனி பெய்யுது" என்று மரமே கேட்கும்படி சொன்னது. கருமந்தி ஆடுகிற பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே நெருஞ்சில் பிடுங்கப் போயிற்று.

உடம்பின் கோளாறை வெட்கப்பட்டு மறைக்கவும் கூடாது, வலி நின்றுவிட்டதே என்று மருந்தைப் பாதியில் விடவும் கூடாது.