பீப் நின்ற அறை

அலுவலகத்தில் இணையம் படுத்ததும் மேலாளர் வைத்தீஸ்வரன் பயிற்சிக்கு வந்த இசக்கியம்மாளைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் எதையோ நோண்டியிருக்கே. சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா வேலை கிடையாது, வீட்டுக்குப் போயிரு."

தன் மடிக்கணினியின் லினக்ஸ் திரையில் அவள் தேடிப் பார்த்தாள். யாரோ புதிதாகச் செருகிய ரவுட்டர் ஒன்று எல்லாக் கணினிகளுக்கும் தப்பு முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. 'இருக்கிறாயா' என்று விடாமல் கேட்கும் பிங் கட்டளையை, பதில் வந்தால் ஒலி எழுப்பும்படி -a சேர்த்து, அதற்குக் கொடுத்தாள். ரவுட்டர் பதில் சொல்லும்போதெல்லாம் மடிக்கணினி 'பீப்' என்றது.

"சார், எந்த ரூம் நெட் ஒயரைப் பிடுங்கினா சத்தம் நிக்குதோ, அங்கதான் கோளாறு. நீங்களே பிடுங்குங்க. நான் தொட்டா நோண்டினேம்பீங்க."

அவர் மிடுக்காக அறை அறையாகப் போய் ஒயரைப் பிடுங்கினார். சத்தம் நிற்கவில்லை.

"உங்க ரூம் மட்டும் பாக்கி, சார்."

"அங்க என் மாப்பிள்ளை வாங்கித் தந்த ரவுட்டர்தாம்மா இருக்கு. நேத்துதான் மாட்டினேன்."

அலுவலகமே வாசலில் கூடி நிற்க, அதையும் பிடுங்கினார். பீப் நின்றது.

"இப்ப யாரு சார் வீட்டுக்குப் போகணும்?"

"ரவுட்டர்தாம்மா," என்றார்.